மூன்றாம் பாட்டில் இரண்டு வரி

அறிவுமதி மஸ்கட்டுக்குக் கிளம்பிய நாள் ஒரு வியாழக்கிழமை. மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள். காரைக்கால் பாரதியார் சாலை முழுக்க மிதிபட்ட மாம்பழத்தின் புளித்த வாடை. நகராட்சி ஆட்கள் தண்ணீர் பீய்ச்சித் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சௌந்தரவல்லி செருப்பு வழுக்காமல் அடிமேல் அடி வைத்து பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

அறிவுமதி ஜன்னலோரம் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டுக் கீழே நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா செல்லம், மகளுக்குத் தெரியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஆபீசு இல்லையா இன்னிக்கு?"

"பெர்மிஷன் சொல்லிட்டு வந்தேன். இந்தா, இதப் பைல வச்சுக்க."

"என்னது?"

"சித்தரத்தை. தொண்டைக்கு."

அறிவுமதி சிரித்துவிட்டாள். "நான் ஒரு வயசான அம்மாவக் குளிப்பாட்டிச் சோறூட்டப் போறேன்க்கா. கச்சேரிக்கா போறேன்? அங்க போயி இத மென்னுக்கிட்டு நின்னா வேலய விட்டே தூக்கிருவாங்க."

சொல்லிக்கொண்டே பொட்டலத்தை வாங்கி பத்திரமாக உள்ளே வைத்தாள். பிறகு ஸ்டாண்டு ஓரத்து டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இன்னும் நேரம் இருக்குல்லக்கா?"

"எங்க இருக்கு? கண்டக்டரே ஏறிட்டாரு. நீயும் ஏறிக்க. போய்ச் சேந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு."

செல்லத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, ஆபீசுக்கு நேரமாகிறது என்று சௌந்தரவல்லி விறுவிறுவென்று நடந்தாள். வாசல் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது பஸ் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவளுக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லை. திரும்பிப் போனால் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய பேரைத் தன்னுடையது என்று சொல்லி அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.

சௌந்தரவல்லிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கோட்டுச்சேரிப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பம். தாலுகா ஆபீசில் பட்டா பிரிவில் எழுத்தர். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை, "சர்வே நம்பர் தப்பா இருக்குங்க, மாத்தி எழுதிக் கொண்டாங்க" என்று சொல்லிச் சொல்லியே பாதித் தொண்டை போய்விடும். மீதித் தொண்டைதான் பாட்டுக்கு. முத்தையனின் 'நெய்தல் மெல்லிசைக் குழு'வில் பத்தொன்பது வருஷமாக முன் மைக் அவளுடையது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வேதாரண்யம் வரைக்கும் போய்ப் பாடிவிட்டு வருவாள். பட்டுப் புடவையும் பழுப்பு அட்டை போட்ட பாட்டு நோட்டுமாக அவள் மேடையேறினால், "ஆபீசரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் கையெழுத்து வாங்கிக்கங்க" என்று ரிதம் பேட் வாசிக்கும் காஜா நஜ்முதீன் மைக்கிலேயே சொல்வார். கூட்டம் சிரிக்கும். அவளுக்கு உள்ளூர அது பிடிக்கும்.

அறிவுமதி வந்து சேர்ந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். அப்பா கிடையாது. செல்லம் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய் வளர்த்த பெண். முதலில் ஹம்மிங்குக்கும் கோரஸுக்கும் என்றுதான் முத்தையன் கூட்டிவந்தார். பேட் பக்கத்தில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் கைப்பிடியில் கட்டிய ஒரு மைக். யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் உட்காருவது என்று அந்தக் குழுவில் ஒருநாளும் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. பேசாமலேதான் முடிவாகியிருந்தது. அந்தக் குரல் பின் நாற்காலியில் அடங்குகிற குரல் அல்ல என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். சௌந்தரவல்லிக்கு முதல் நாளே தெரியும்.

மெல்லிசைக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிப்போனால், எட்டாத இடம் வரும்போது பின்னால் இருக்கிறவர் அதை எடுத்துக்கொடுப்பார். முன்னால் நிற்பவர் உதட்டை மட்டும் அசைத்தால் போதும். கீழே இருக்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. எடுத்துக்கொடுத்ததைப் பிறகு யாரும் சொல்லிக்காட்டக் கூடாது. அது பெரிய மானக்கேடு. அதற்குப் பதிலாக, கச்சேரி முடிந்து டீ வரும்போது, உதவி வாங்கியவர் முதல் டம்ளரைத் தன் கையால் எடுத்துக்கொண்டுபோய் உதவி செய்தவரிடம் கொடுப்பார். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. அந்த டீயோடு கணக்கு தீர்ந்தது. முத்தையனுக்கு காஜா கொடுத்திருக்கிறார், காஜாவுக்கு முத்தையன் கொடுத்திருக்கிறார்.

அறிவுமதி கிளம்பிய வருஷம் வைகாசியில் திருமலைராயன்பட்டினத்துக் கோயில் கச்சேரியன்று சௌந்தரவல்லிக்குச் சளி. அன்றைக்குப் பார்த்துத்தான் புதுச்சேரியிலிருந்து இளவேனில் என்ற பெண் கேமராவோடு வந்திருந்தாள். டெல்டா மெல்லிசைக் குழுக்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறாளாம். மூன்றாவது பாட்டின் சரணத்தில் இரண்டு வரி படியேறுவதுபோல் மேலே மேலே போய், உச்சியிலேயே நின்று முடியும். முதல் படியிலேயே சௌந்தரவல்லிக்குக் காற்றுத்தான் வந்தது. அடுத்த கணம் பின்னாலிருந்து அந்தக் குரல் எழுந்து வரிகளை வாங்கிக்கொண்டது. இவள் உதட்டை அசைத்தாள். கண்களில் நீர் முட்டியது, சளியால். இளவேனிலின் கேமரா அவள் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

கச்சேரி முடிந்து டீ வந்தபோது இளவேனில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த இடத்துல அழுதுட்டேன்க்கா" என்று ஆரம்பித்தாள். ஊர்க்காரர்கள் நாலு பேர் சுற்றிக்கொண்டார்கள். பேச்சு முடிந்து திரும்பிப் பார்த்தபோது டம்ளர்கள் காலியாகியிருந்தன. அறிவுமதி வேன் ஏறியிருந்தாள். நாளைக்குக் கொடுத்தால் போயிற்று என்று சௌந்தரவல்லி நினைத்துக்கொண்டாள். அந்த நாளை வரவேயில்லை.

மாங்கனித் திருவிழா வாரத்துத் திங்கட்கிழமை, ஆபீஸ் கவுன்ட்டரில் கூட்டம் நெரிந்த நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா, இளவேனில் பேசுறேன். படத்துல பேரு போடுறதுக்காக ஒண்ணு கேக்கணும். மூணாவது பாட்டுல மேல போற ரெண்டு வரி நீங்கதான பாடுறீங்க? அது மட்டும் வேற மைக்ல பதிவாயிருக்கு, அதான் சந்தேகமா இருக்கு."

எதிரே ஒரு விவசாயி பட்டா நகலை நீட்டிக்கொண்டு நின்றார். சொல்லிவிட ஒரு வாக்கியம் போதும். ஆனால் எடுத்துக்கொடுத்ததை வெளியே சொல்லக்கூடாது என்பதுதானே வழக்கம்? அந்த வழக்கம் இப்போது அவளுக்கு வாகாக வந்து வாய்த்தது.

"நான்தாம்மா. மைக்க மாத்திப் புடிச்சிருப்பேன்."

போனை வைத்ததும் விவசாயியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். சொல்லிக்காட்டக் கூடாது என்பது கொடுத்தவருக்கான விதி, வாங்கியவருக்கானது அல்ல என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு அவள் சொல்லத்தான் போனாள். கொடுத்துவிட்டு வந்தது சித்தரத்தை.

இரண்டரை வருஷம் போயிற்று. தை மாதத்தில் காரைக்காலில் மூன்று நாள் விழா ஒன்று வந்தது. இசையைப் பற்றிய படங்களாகத் தேடிப் பிடித்து, கடற்கரைச் சாலை மண்டபத்தில் பெரிய திரை கட்டிக் காட்டினார்கள். ஒவ்வொரு படம் முடிந்ததும் அந்தப் படத்து இசைக்காரர்களோ, அதே வகை வாசிக்கிறவர்களோ மேடையேறி நேரில் வாசிக்க வேண்டும். எந்த ஊர்ப் படத்துக்கோ சப்டைட்டில் படித்துக் களைத்த ஜனம், கச்சேரி தொடங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. இரண்டாம் நாள் நாலு மணிக் காட்சி இளவேனிலின் படம். அது முடிந்ததும் நெய்தல் குழு. அந்த மூன்றாவது பாட்டைக் கட்டாயம் பாட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டு வாரமாக சௌந்தரவல்லி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அந்த இரண்டு வரியைப் பாடிப் பார்த்தாள். எட்டவில்லை. ஒத்திகையில் முத்தையன் கீபோர்டைப் பார்த்தபடியே, "சுருதிய ரெண்டு கட்டை எறக்கிக்கலாம்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"இல்லன்னா பனி ஒத்துக்கலன்னு சொல்லிப்புடுங்க" என்றார் காஜா. "தை மாசத்துப் பனி, எந்த ஜட்ஜும் ஒத்துக்குவான்."

இருவருக்கும் தெரியும். இருவரும் எடுத்துக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவராவது திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. திரையில் அவள் முகம் லாரி அகலத்துக்கு வந்தது. அந்தக் குரல் ஏறியது, உச்சியில் நின்றது. கீழே அவள் பேர் எழுத்து எழுத்தாக வந்தது. கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். அவள் திருப்பிக் கும்பிட்டாள்; கை கூசியது.

மேடைக்கு ஏறும் படியருகில் செல்லம் நின்றிருந்தாள். வெளுத்து மடித்த புடவை, தலை நிறையப் பூ.

"நல்லாருக்கீங்களாம்மா? எம் பொண்ணும் படத்துல வருதுன்னு தெருவுல சொன்னாங்க. அதான் மத்தியான வேலைய விட்டுட்டு வந்தேன். ஒங்களுக்குப் பின்னாடி ஒரு கை தெரிஞ்சுது பாருங்க, அது அவதான். வளையல வச்சுக் கண்டுபுடிச்சுட்டேன்."

"ஆமா... அவதான்."

செல்லம் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க மேல பாடுறப்ப, அப்படியே எம் பொண்ணு பாடுற மாதிரியே இருந்துச்சும்மா. ஒங்க பக்கத்துலயே இருந்து பழகுனதால ஒங்க கொரலு அதுக்கு ஒட்டிக்கிச்சு போலருக்கு. அது குடுத்து வச்சது."

சௌந்தரவல்லி முதல் படியில் கால் வைத்திருந்தாள். இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு படி கீழே இறங்கி, அந்தத் தாயின் காதோடு சொல்லியிருந்தால் போதும். மைக்கில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏறிவிட்டாள்.

சுருதியை இறக்கித்தான் பாடினார்கள். பின்னால் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இப்போது ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இருந்தது. அந்த இரண்டு வரியும் ஓரடி உயரத்தில் நின்று இறங்கின. கூட்டம் தட்டியது. மூன்றாவது வரிசையில் செல்லம் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.

அதற்குப் பிறகு சௌந்தரவல்லி முன் மைக்கில் அந்தப் பாட்டைப் பாடவில்லை. யார் கேட்டாலும் நோட்டில் அந்தப் பக்கம் கிழிந்துவிட்டது என்பாள். அறிவுமதிக்கு வாட்ஸாப்பில் நாலைந்து முறை பேசிப் பதிவு செய்தாள், அனுப்பாமலே அழித்தாள். அனுப்பியதெல்லாம் காலை வணக்கப் பூக்கள்தான். அந்தப் பக்கத்திலிருந்து தவறாமல் கட்டைவிரல் வரும்.

சித்திரையில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில், ஆபீஸ் பின்கட்டு வேப்பமரத்தடியில் நின்று இளவேனிலுக்குப் போன் செய்தாள். சோற்று டப்பாவைக்கூடத் திறக்கவில்லை.

"அந்த ரெண்டு வரி நான் பாடலம்மா. பின்னாடி இருந்த அறிவுமதி பாடுனது. ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"ஆனா அவங்களே..." என்று தொடங்கிய இளவேனில் நிறுத்திக்கொண்டாள். "சரிங்கக்கா. நெட்ல போடப்போற பிரதியில மாத்திடுறேன்."

அந்தத் தயக்கத்தை சௌந்தரவல்லி அருவருப்பு என்று எடுத்துக்கொண்டாள். அது தனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்தாள். முத்தையனிடம் சொன்னாள். அவர் "எதுக்கும்மா வம்பு?" என்றார். காஜா மட்டும் அன்று கேலி ஒன்றும் பேசவில்லை. செல்லத்தின் வீட்டுக்கும் போய்ச் சொன்னாள். செல்லம் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, "அப்ப எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய ஆளுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. தெரிந்துவிட்டிருக்கும் என்று தெரியும். செல்லம் சொல்லாமலா இருப்பாள்? அதனாலேயே எழுதக் கை வரவில்லை. பூக்கள் அனுப்புவதையும் நிறுத்திவிட்டாள்.

மறு வருஷம் கார்த்திகையில், மழை விட்ட ஒரு மத்தியானம், பட்டா விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல் பதிவு வந்தது. மஸ்கட்டிலிருந்து. முத்திரையை மையட்டையின் மேல் வைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? இங்க நான் பாத்துக்குற பெரியம்மா தூங்குறாங்க, அதான் மெதுவாப் பேசுறேன். படத்த இப்பத்தான் பாத்தேன். எம் பேரப் போட்டுருக்காங்க. அம்மா போன வருஷமே சொல்லிருச்சு, நீங்க வீட்டுக்கு வந்தீங்கன்னு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். அக்கா, அந்த இளவேனில் எனக்கும் போன் பண்ணிச்சு, தெரியுமா? நான் இங்க கெளம்பி வர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடி. அக்காகிட்ட கேட்டேன், அவங்கதான்னு சொல்றாங்க, நெசமான்னு கேட்டுச்சு. ஆமா, அக்காதான் பாடுனாங்கன்னு சொன்னேன். அதையும் எடுத்துக்குடுத்ததா வச்சுக்கிட்டேன். அதுக்கு ஒண்ணுமில்லக்கா. பஸ் ஸ்டாண்டுல டீக்கடையப் பாத்துக்கிட்டே நின்னேன், வாங்கித் தருவீங்கன்னு. நேரமில்ல, ஏறிக்கன்னுட்டு போயிட்டீங்க. பஸ்ஸு அதுக்கப்புறம் இருவது நிமிஷம் நின்னுச்சுக்கா."