சீமைக்குப் போன கோட்டு

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். "ஸ்பிரிங்வெளி உபதேசியாரு போயிட்டாருங்க. நெஞ்சு வலியாம்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ஆசீர்வாதம் உபதேசியார் அவர்கள் என்னைவிட இளையவர். எனக்குத் துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். இதிலும் முந்திக்கொண்டாரே என்று வாய்விட்டே சொன்னேன். என் மனைவி, "இன்னைக்காவது விட்டுருங்களேன்" என்றாள்.

விடுவதாக இல்லை. என் பொறாமையை ஒதுக்கிவைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அதில் பாதி ஆசீர்வாதம்தான் இருப்பார்.

நாங்கள் இருவரும் தேயிலைத் தோட்டத்து உபதேசியார்கள். பதுளையிலிருந்து பாதிரி ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறு ஆராதனை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஜெபம், நோயாளி, சாவு எல்லாம் எங்கள் தலையில். அவருக்கு ஸ்பிரிங்வெளிப் பக்கம், எனக்கு மடுல்சீமைப் பக்கம்.

அறுபதுகளின் நடுவில், இங்கிலாந்தில் ஒரு வேதாகமக் கல்லூரி மலைநாட்டு உபதேசியார் ஒருவருக்கு ஒரு பருவம் படிக்க இடம் தருவதாகச் சொன்னது. வேதமும் ஊழியமும் படிக்கலாம், கப்பல் செலவும் அவர்களுடையது. எங்கள் இருவரையும் பதுளைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும். அவருக்குத் தட்டுத் தடுமாறி வரும். போகப்போவது நான்தான் என்று பதுளை பஜாரில் தையற்காரர் காசிம் நானாவிடம் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டே தைத்துவிட்டேன். ஏன் போக விரும்புகிறீர்கள் என்று தேர்வுக் குழுவின் தலைவர் கேட்டார். நான் ஆங்கிலத்தில் நீளமாகப் பதில் சொன்னேன். ஆசீர்வாதம் தமிழிலேயே, "எனக்குத் தெரியாதது நெறைய இருக்குங்க. அதனாலதான்" என்றார். இடம் அவருக்குக் கிடைத்தது. எனக்கும்தான் தெரியாதது நிறைய இருந்தது. அதைச் சொன்னால் கப்பல் ஏற்றுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

புறப்படுவதற்கு முன் விடைபெற வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய ஸ்வெட்டர்தான் இருந்தது. என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து நீட்டிவிட்டாள். போட்டுப் பார்த்தார். எனக்கு அளவெடுத்துத் தைத்த கோட்டு அவருக்குத்தான் கச்சிதமாக இருந்தது. அந்த வயிற்றெரிச்சலை இன்றைக்கும் நினைத்தவுடன் வரவழைத்துக்கொள்ள முடியும்.

அவர் போனதும் ஸ்பிரிங்வெளிச் சபையையும் என்னிடமே ஒப்படைத்தார்கள். ஞாயிறுதோறும் அங்கே ஆராதனை முடித்து, பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் காணிக்கைக்கென்று எடுத்துவைத்துக் கொண்டுவரும் கைப்பிடி அரிசியைச் சாக்கில் கட்டுவேன். பஸ் கிடைக்காத நாளில் மழையில் நடப்பேன். அங்கே போனால் எல்லோரும் கேட்பது, "எங்க உபதேசியாரு எப்ப வருவாரு?" என்பதைத்தான்.

அந்த மழைக்காலத்தில்தான் அவருடைய அம்மா படுக்கையில் விழுந்தார். கடைசி நாளில் லயத்து அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாடச் சொன்னார். பாடினேன். கண்ணை மூடியபடியே, "நல்லாத்தான் இருக்கு. எம்மவன் பாடுனா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். சற்று நேரத்தில் கை தளர்ந்துவிட்டது. தந்தி அடித்தோம். ஆனால் கப்பலில் பல வாரம் வரவேண்டிய ஊரிலிருந்து அவர் எப்படி வந்து சேர்வார்? மண்ணைப் போட்டவன் நான்தான்.

பருவம் முடிந்து வந்தபோது பதுளை ஸ்டேஷனில் மாலையும் மேளமுமாக ஒரே கூட்டம். என் கோட்டின் மேல்தான் அத்தனை மாலையும் விழுந்தது. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் சீமைக் கதை சொன்னார். கல்லூரிச் சாப்பாட்டறையில், பழக்கதோஷத்தில், தினமும் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பாராம். அவித்த உருளைக்கிழங்கும் அதில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது ஒரே நாற்றம். சமையற்காரம்மா, தன் சமையல் பிடிக்காமல்தான் ஒளித்துவைக்கிறார் என்று கோபித்துக்கொண்டாராம். விஷயத்தை விளக்கியதும், இது அருமையான வழக்கம் என்று கல்லூரியே அவரை மெச்சியதாம். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. மழையில் அந்த அரிசிச் சாக்கைத் தூக்கித் திரிந்த நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆராதனை முடிந்து இருவரும் அவருடைய அம்மாவின் குழிமேட்டுக்குப் போனோம். குனிந்து மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, ஒங்கள நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கு. அந்தப் படிப்பு மொத்தத்தயும் நீங்க எடுத்துக்கங்க. அம்மா கையப் புடிச்சிருந்த அந்த ஒரு நாள எனக்குக் குடுங்க" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

என்மீது பொறாமைப்பட ஒருவர் இருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதற்காக என் பொறாமை தீர்ந்துவிடவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். நான் வீம்பாக, சீமை பார்த்த கோட்டு எனக்கெதற்கு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உடனே போட்டுக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்பார் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு அவர் சீமை உபதேசியார் ஆகிவிட்டார். கல்யாணமோ சாவோ, அந்தக் கோட்டு வந்து நின்றால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. என் மகளே தன் கல்யாணத்தில் ஜெபிக்க அவரைத்தான் கேட்டாள். அவர் ஜெபித்தார், மண்டபமே கண்ணைத் துடைத்தது, நானும் துடைத்தேன். அன்று சாப்பிடும்போது அவரிடம், என்னை அடக்கம் பண்ணும்போது நீங்கள்தான் பேசவேண்டும் என்றேன். "நீங்க மொதல்ல போறதா முடிவே பண்ணிட்டீங்களாண்ணே?" என்று சிரித்தார். முடிவு பண்ணித்தான் இருந்தேன். இத்தனை வருஷம் பொறாமைப்பட்ட அந்தக் குரலை என் சாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

நேற்று அவருடைய வீட்டு வாசலில் அவர் மனைவி ராகேலம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "நீங்கதான் பேசணும்ணே. அண்ணன்தான் என்னப் பத்திக் கூட்டாமக் கொறைக்காமச் சொல்லுவாருன்னு அடிக்கடி சொல்லுவாரு" என்றார். பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. நன்றாக இருந்தது என்றார்கள். அவர் பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் பார்த்தேன். அந்தச் சாம்பல் கோட்டைத்தான் போட்டிருந்தார்கள். முழங்கை தேய்ந்திருந்தது, ஒரு பித்தான் மாறியிருந்தது. தோள் மட்டும் இன்னும் கச்சிதம்.

போய் வாருங்கள், தம்பி. அன்றைக்குக் குழிமேட்டில் மறந்துபோய்ச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அம்மா கடைசியாகச் சொன்னது உங்கள் பாட்டைப் பற்றித்தான். அந்த நாளும் உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டு இரண்டாம் முறையாக என்னை விட்டுவிட்டு உங்களோடு வருகிறது. இந்த முறை அதைத் திருப்பிக் கேட்க நானே வருவேன்.