பதினொரு நீல உறைகள்

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் அந்த விடுதியின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறாள் நுரையக்கா. முழங்கை வரை எந்நேரமும் சோப்பு நுரை. அதனால் வந்த பெயர். இருபத்தாறு அறைகள், ஐம்பத்திரண்டு கட்டில்கள், நூற்றுநான்கு கருநீலத் தலையணை உறைகள். பாதி கட்டிலில், பாதி அலமாரியில். இத்தனை வருடத்தில் தொலைந்து, மாற்று வாங்கியவை மூன்று. அதில் ஒன்றைப் பூனை இழுத்துப்போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

மார்ச் நான்காம் தேதி, திங்கட்கிழமை காலை, வார்டனம்மா பதினொரு உறைகளை மேசைமேல் விரித்துப் போட்டார். ஒவ்வொன்றிலும் கன்னம் படியும் இடத்தில் காசளவு வெளிறல்.

"கலர் துணியில ப்ளீச் ஊத்தினியா?"

"ஒரு சொட்டு இல்லம்மா."

"அப்ப தானா வெளுத்துச்சா? அடுத்த திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லு. இல்லன்னா சலவைய வெளியில கொடுத்துடுவேன்."

நுரையக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. திங்கள்தோறும் அழுக்குத் துணிகள் அறைவாரியாக மூட்டை கட்டி வரும். அன்று வந்தவை இன்னும் தண்ணீரைப் பார்க்கவில்லை. இருபத்தாறு மூட்டைகளையும் அவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். மூன்று அறைகளின் மூட்டைகளில், துவைக்கும் முன்னாலேயே வட்டங்கள் இருந்தன. காலுறையில் இல்லை, படுக்கை விரிப்பின் கால்மாட்டில் இல்லை. தலையணை உறையிலும் முகம் துடைக்கும் துண்டிலும் மட்டும். வெளுக்கிற சரக்கு முகத்திலிருந்து வருகிறது!

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனாள்.

"தம்பி, மூஞ்சில பூசுற மருந்துல சாயத்தைத் தின்னுற மருந்து ஏதாச்சும் இருக்கா?"

கடைக்காரர் சிரித்தார். "ஏங்க்கா, இந்த வயசுல உங்களுக்குப் பருவா?"

"எனக்குப் பரு வந்தா நுரைக்குள்ள தெரியவா போகுது? கேட்டதுக்குச் சொல்லுப்பா."

அவர் ஒரு டியூபை எடுத்து வைத்தார். பென்சாயில் பெராக்சைடு. துணியில் பட்டால் வெளுக்கும் என்று மடிப்புத்தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கடையில் கூட்டமில்லாததால் அவர் விளக்கமாகவே சொன்னார். தோலில் ஒவ்வொரு முடியின் அடியிலும் சின்ன எண்ணெய்ப் பை உண்டு. எண்ணெய் நுண்குழாய் வழியாக மேலே வரும். உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். எப்போதும் அங்கே சும்மா இருக்கும் கிருமி, காற்றுப்புகாத அந்த அடைப்புக்குள் பெருகும். உடம்பு அதோடு சண்டைக்குப் போகும். சிவப்பு, வீக்கம், சீழ்.

"என் மெஷின் குழாய் மாதிரியே இருக்கே," என்றாள் நுரையக்கா. "பஞ்சுத்தூசியும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்து அடைச்சுக்கும். தண்ணி தேங்கினா நாறும்."

"அதேதாங்க்கா. இந்த மருந்து ஆக்சிஜனை விடும். அந்தக் கிருமிக்கு அது ஆகாது. அடைப்பையும் கொஞ்சம் இளக்கும். இன்னொரு வகை களிம்பு இருக்கு, செத்த தோல் ஒட்டாமப் பார்த்துக்கும். புது அடைப்பே விழாது."

"பரு மேல மட்டும் தொட்டு வெச்சாப் போதுமா?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. இன்னிக்குத் தெரியிற பரு பல வாரம் முன்னாடியே உள்ள ஆரம்பிச்சது. பரு வர்ற இடம் பூரா மெல்லிசாப் பூசணும். முதல்ல தோல் காயும், உரியும். எட்டு வாரம், பன்னெண்டு வாரம் பொறுக்கணும்."

புதனன்று, எப்போதோ கழித்துப்போட்ட கிழிந்த நீல உறை ஒன்றிலிருந்து ஒரு முழம் வெட்டி, பற்பசை, சோப்பு, வாங்கி வந்த அந்த மருந்து என மூன்று பொட்டு வைத்து, ஈரத்தோடு மடித்து வைத்தாள். மறுநாளே மூன்றாவது இடம் வெளுத்துவிட்டது.

திங்கட்கிழமை அந்தத் துணியை மேசையில் விரித்தாள். வார்டனம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"சரி, நீ இல்ல. எந்த ரூம்?"

"அதைச் சொல்ல மாட்டேம்மா."

"என்னது?"

"நான் பண்ணலன்னு காட்டிட்டேன். ஒரு பொண்ணு மூஞ்சிய மூடிக்கிட்டு நடக்குறா. அவளை நடுக்கூடத்துல நிறுத்துறது சலவைக்காரி வேலை இல்லைங்க. ஒரு வாரம் கொடுங்க. நீல உறை வெளுக்காது."

"வெளுத்தா?"

"நானே போயிடுறேன்."

பழைய வெள்ளை உறைகள் நாற்பது சரக்கறையில் சும்மா கிடந்தன. அவற்றைத் துவைத்துப் பெட்டி போட்டு, சலவைக்கூட வாசலில் அடுக்கி, ஓர் அட்டை வைத்தாள்: 'முகத்துக்கு மருந்து போடுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டாம்.'

சனிக்கிழமை எட்டாம் அறைப் பெண் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தருகே தன் முகமும் ஆடியில் தெரியும் வேலை.

"அக்கா, உறைய வீணாக்கினது நான்தான்."

"தெரியும். போன திங்கக்கிழமையே தெரியும்."

"வார்டனம்மா சத்தம் போட்டதைக் கேட்டேன். மருந்தை நிறுத்திட்டேன். எப்படியும் அஞ்சு வாரமாப் போட்டும் ஒண்ணும் தெரியல."

"அடி போடீ! உள்ள இருக்குற அடைப்பு தீர வேணாமா? பன்னெண்டு வாரம்னு கடைக்காரத் தம்பி சொல்றாரு, நீ அஞ்சுலயே கைய விரிச்சிட்டு வந்து நிக்குற. எடுத்துட்டுப் போ. பல்லு வெளக்குற பேஸ்ட் மாதிரி அள்ளி அப்பாத, பட்டாணி அளவு போதும்."

அவள் சிரித்தபடி இரண்டு உறைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை. வார்டனம்மாவே சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்து உறைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். மீதமிருந்த தொண்ணூற்றுமூன்று நீல உறைகளில் ஒன்றில்கூடப் புது வட்டம் இல்லை. வாசலில் அடுக்கிய நாற்பதில் முப்பத்தொன்று இருந்தன.

"ஒன்பதா! மூணு ரூமுக்கு ஆறு போதும்னு நினைச்சேன்," என்று நுரையக்காவே வாய்விட்டுச் சொன்னாள்.

வார்டனம்மா சலவையை வெளியில் கொடுக்கும் பேச்சையே எடுக்கவில்லை. கதவு வரை போனவர் திரும்பி வந்து, அடுக்கின் மேலிருந்த ஓர் உறையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"என் பொண்ணுக்கு," என்றார்.

"பன்னெண்டு வாரம்னு சொல்லிடுங்கம்மா," என்றாள் நுரையக்கா, மெஷினின் மூடியைத் திறந்தபடி.