முப்பத்தெட்டு வெள்ளி பில்லுக்கு ஒரு கூரைக் கடன்

நான் மலேசியாவில், சிரம்பானில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருடமாக ஒரே மேசை. கடன் விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருவதும், தகுதியில்லாதவர்களுக்கு இல்லை என்று சொல்வதும் என் வேலை. இரண்டாவதை நான் முகம் சுளிக்காமல் செய்வேன் என்று அலுவலகத்தில் பெயர். தோட்டத்தில் என்னோடு வளர்ந்தவர்கள், எஸ்டேட் குமாஸ்தாவைச் சொல்வது போல, இன்னும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேலியா மரியாதையா என்று நான் ஆராய்ந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் சங்கத்தில் ஒரு புதுக் கடன் ஆரம்பித்தார்கள். வீட்டில் கரண்டுச் செலவைக் குறைக்கிற வேலைகளுக்கு மட்டும் அது. பழைய ஏர்கோனை மாற்றலாம், கூரைக்கும் சிலிங்குக்கும் நடுவில் வெயில் இறங்காமல் பஞ்சு மெத்தையும் பளபளக்கிற தாளும் விரிக்கலாம். வேலை முடிந்த பிறகு மாத பில் எவ்வளவு குறைகிறதோ அந்த மிச்சத்தில்தான் தவணை கட்ட வேண்டும். சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை. கடன் திட்டம் என்று எதைக் கேட்டாலும் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கிற ஆள் நான். இதைக் கேட்டதும் எனக்கே பிடித்துப்போனது. அண்ணியின் ஞாபகம்தான் உடனே வந்தது.

அண்ணனும் அண்ணியும் பகாவ் தாண்டி ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார்கள். தோட்டத்தை விற்றபோது வேலை செய்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. பன்னிரண்டு வீடு, தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை சிலிங். மரமென்று சொல்ல ஒன்றும் கிடையாது. பகல் பதினொரு மணிக்கு மேல் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்தால் தலைக்கு மேலே யாரோ அடுப்பு மூட்டினது போல இருக்கும். பிள்ளை ஒன்று, அது ஜொகூரில் வேலையில் இருக்கிறது. அண்ணன் எண்ணெய் ஆலையில் காவலாளி. காலை ஆறரைக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் திரும்புவார்.

அண்ணிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஊசியும் மயக்கமும் பழகிவிட்டது என்பார். பழகாதது தாகம். ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் கட்டளை. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும், மிஞ்சினால் நுரையீரலில் ஏறும். அந்தக் கூரைக்குக் கீழே இரண்டு தம்ளரோடு ஒரு பகலைத் தாண்டுவது என்ன பாடு என்று நான் ஒரே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் மறைவாகப் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

கூரையைச் சரி செய்தால் தாகம் பாதி குறையும் என்று மிஸ்ஸியே சொல்லியிருந்தார். டயாலிசிஸ் நர்சை அங்கே எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். “தங்கச்சி காசுல கூரை போட்டுப் படுக்கவா நான் இருக்கேன்? வேற பேச்சு இருந்தா பேசு” என்றார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பார். அந்த வருடம் என் வீட்டிலும் செலவு இருந்தது என்பதை மறைப்பதில் பொருளில்லை.

ஆகவே கடன். பாரத்தை ஃபோனிலேயே அண்ணனிடம் கேட்டுக் கேட்டு நான் நிரப்பினேன். ஆறு மாத பில்லையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முப்பத்தெட்டு வெள்ளி. அதற்கு முந்தின மாதம் முப்பத்தேழு. ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு விளக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக ஒரு சட்டைக்கு இஸ்திரி. இதில் எதைக் குறைத்து எந்த மிச்சத்தில் தவணை கட்டுவது?

மேலாளரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், ஆனால் கணக்கு தெரிந்தவர். “வேஸ்ட் பண்ணுனாத்தானே மா சேவ் பண்ண முடியும். இவங்க ஒண்ணுமே வேஸ்ட் பண்ணலையே” என்றார். அதே வாரம், ஐந்து ஏர்கோன் ஓடுகிற ஒரு பங்களாக்காரருக்கு அதே கடனை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் பில்லைப் பார்த்தால் மிச்சம் பிடிக்க அவ்வளவு இடம் இருந்தது. வெயிலைத் தாங்கிக்கொண்டவர்களுக்குக் கடன் கிடையாது, தாங்காதவர்களுக்கு உண்டு. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு செய்கிற காரியம் எதுவும் உருப்பட்டதில்லை என்று தெரிந்தும் அன்றைக்கு ஒரு யோசனை செய்தேன்.

என் வீட்டில் கழற்றி வைத்த பழைய ஏர்கோன் ஒன்று கிடந்தது. பழைய சாமான் என்பதால் அண்ணன் மறுக்கவில்லை. அதை மாட்டச் சொல்லி, மூன்று மாதம் காலை ஆறரையிலிருந்து இரவு ஏழரை வரை ஓட விடுங்கள், பில் ஏறட்டும், ஏறின பில்லைக் காட்டிக் கடன் வாங்கிக் கூரையைப் போடுவோம், போட்ட பிறகு ஏர்கோனைக் குறைத்தால் மிச்சம் தானாக வரும் என்றேன். விதியை மீறவில்லை, கொஞ்சம் வளைத்தேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

“மூணு மாசம்தானே? கட்டிடலாம். ஓவர்டைம் பாக்குறேன்” என்றார் அண்ணன். அண்ணி மட்டும் கேட்டார், “பில்ல வேணும்னே ஏத்தணுமா? நம்ம ஆளுங்க கேட்டா சிரிப்பாங்க லா.”

எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வாரம் ஒரு முறை அண்ணனுக்கு ஃபோன் போட்டுக் கேட்பேன். வீடு ஜில்லென்று இருக்கிறது, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தால் சினிமா கொட்டகை மாதிரி இருக்கிறது என்பார். அண்ணிக்குத் தாகம் எப்படி என்று கேட்டால், முன்னைக்கு இப்போது பரவாயில்லை போலத் தெரிகிறது என்பார். அண்ணியிடம் நேரில் கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

முதல் மாத பில் நாற்பத்து நான்கு. ஏர்கோன் நடுமாதத்தில் மாட்டியதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது மாதமும் நாற்பத்தைந்து. மீட்டரில்தான் கோளாறு என்று அண்ணன் சாதித்தார். மின்சார வாரியத்துக்கு ஒரு புகார் எழுதலாமா என்றுகூடப் பேசினோம். மூன்றாவது மாதம் பில் வருவதற்கு முன்னால் அண்ணிக்கு மூச்சு முட்டி, பக்கத்து வீட்டுக்காரர் வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் தண்ணீர். இரண்டு டயாலிசிசுக்கு நடுவில் நான்கு கிலோ ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில்தான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் மோட்டார் மூலை திரும்பினதும் அண்ணி ஏர்கோனை நிறுத்திவிடுவார். இரவில் மோட்டார் சத்தம் வர வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னால் திரும்பப் போடுவார். நடுவில் பன்னிரண்டு மணி நேரம், பழைய ஃபேன், பழைய வெயில், ஜன்னலைக்கூட ஏர்கோனுக்காக ஆணியடித்து மூடியிருந்தார்கள். முன்பைவிட மோசம். தாங்க முடியாமல் குழாயடியில் போய்க் குடித்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. “உங்களுக்காகத்தானே அண்ணி இவ்வளவும் செஞ்சோம்? சுவிச்சை அப்படியே விட்டுட்டுப் போறதுக்கு என்னா கஷ்டம்? எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே” என்றேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அண்ணி சண்டை போடவில்லை. “சும்மா எதுக்கு மா ஓடணும்?” என்று மட்டும் கேட்டார். இந்தக் கஞ்சத்தனம் சாகும்வரை போகாது என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் காருக்குள் தனியாகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது பில் நாற்பத்தொன்று. விண்ணப்பத்தில் ‘மிச்சம் பிடிக்க வாய்ப்பில்லை’ என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டுத் தள்ளுபடி செய்தேன்.

கூரையைக் கடைசியில் போட்டது கூட்டு. அந்த வரிசையில் நான்காவது வீட்டு அக்கா காலையில் நாசி லெமாக் சோறு விற்கிறவர். பல வருடமாகக் கூட்டு என்கிற சீட்டை நடத்துகிறார். பன்னிரண்டு பேர் மாதாமாதம் ஒரே தொகை போடுவார்கள், மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். முதல் மாதம் கூட்டு நடத்துகிறவருக்கு, அதுதான் வழக்கம். சட்டப்படி கூட்டு செல்லாது. கூட்டில் சேராதீர்கள், ஏமாந்து போவீர்கள் என்று சங்கத்தின் சார்பில் கோயில் மண்டபங்களிலும் சர்ச் ஹாலிலும் பேசிக்கொண்டு திரிந்தவள் நான்தான்.

அந்த அக்கா தன் முதல் மாதத்தை அண்ணிக்கு விட்டுக்கொடுத்தார். அண்ணன் மாதாமாதம் கட்டித் தீர்க்கலாம், தங்கச்சி காசு இல்லை, தானமும் இல்லை. அதனால் அவரும் ஒத்துக்கொண்டார். வரிசையில் உள்ள ஆண்கள் ஒரு பொதுவிடுமுறை நாளில் தகரத்தைக் கழற்றி, தாளை அடித்து, பஞ்சு மெத்தையைப் பரப்பி, திரும்பப் பூட்டினார்கள். நான் கேக் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஒன் பேச்ச நான் முன் வரிசையில உக்காந்து கேட்டேன் கிராணி. நல்லாத்தான் பேசுன. அன்னைக்கு மிக்சர்கூட குடுத்தாங்க” என்றார். நான் கேக்கை வெட்டினேன்.

கூரை வேலை செய்தது. அதில் சந்தேகமில்லை. அடுத்த மாதமே டயாலிசிசுக்கு நடுவில் ஏறுகிற எடை பாதியானது. பகலில் அண்ணி படுத்துத் தூங்குகிறார் என்று அண்ணன் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கில்லை என்கிற கடுப்பும் இருந்தது.

போன மாதம் அலுவலகத்தில் தள்ளுபடியான கோப்புகளைக் கட்டி மேலே ஏற்றச் சொன்னார்கள். அண்ணனுடைய கோப்பு கைக்கு வந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் ஏனோ புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம், ‘பகல் நேரத்தில் வீட்டில் இருப்போர் எண்ணிக்கை.’ கூரைக்கு எவ்வளவு பலன் என்று கணக்குப் போடுவதே அந்தக் கட்டத்தை வைத்துத்தான். அதில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

ஃபோனில் நிரப்பியது முழுவதும் ஞாபகம் வந்தது. பகலில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். “யாரு இருக்கா? நான்தான் வேலைக்குப் போயிடுறேனே, புள்ளையும் ஜொகூர்ல” என்றார் அண்ணன். நானும் சரி என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். யாருக்காகக் கடன் கேட்டோமோ அவரை இரண்டு பேருமாகச் சேர்ந்து கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் நான் கத்தினது நினைவுக்கு வந்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மணி இரண்டரை. கோப்பை மேசையில் வைத்துவிட்டு அண்ணிக்கு ஃபோன் போட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போட்டேன். தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “வீட்டுல யாரு அண்ணி இருக்கா?” என்று கேட்டு வைத்தேன்.

“யாரும் இல்ல மா” என்றார். “ஒங்க அண்ணன் ஏழரைக்குத்தான் வருவாரு. அப்பறமா போடு.”