ஆறு வருஷக் கோபமும் ஒரு சுவர் ஓட்டையும்

ஏ.சி. மாட்டுகிறவனின் தொழில், அடுத்தவர் வீடு குளிரும்வரை தான் வெயிலில் நிற்பது. வீட்டுக்காரர் உள்ளே போர்வை தேடுகிற நேரத்தில் நாம் வெளிச்சுவரில் ஏணிமேல் வெந்துகொண்டிருப்போம். அப்படி வெந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் இருபது வருஷமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. படிப்பு அஞ்சாவது. யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே மறந்துவிடுவேன். கெட்டதாகச் சொன்னால் சாகும்வரை மறக்க மாட்டேன்.

செவிலிமேட்டு வீடு

தங்கை கஸ்தூரியின் கணவன் ஏகாம்பரமும் நானும் அப்போது கூட்டாக வேலை பார்த்தோம். அவன் ஐ.டி.ஐ. படித்தவன். செவிலிமேட்டில் ஒரு புது வீடு, மாடி அறைக்குப் பெரிய மெஷினாகக் கேட்டார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலில் விரல் நுழையும் அளவு இடுக்கு, மேலே மொட்டைத்தளம் அடுப்புக் கல் மாதிரி. "இடுக்கை அடைச்சு, மேல வெள்ளை அடிங்க. சின்ன மெஷினே போதும், கரண்டும் மிச்சம்" என்றேன்.

வீட்டுக்காரர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான். அதோடு கூட்டு முடிந்தது. ஆறு வருஷம் அவனோடு பேச்சில்லை, தங்கை வீட்டுப் படி ஏறவில்லை. கருட சேவைக் கூட்டத்தில் எதிரில் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவன் சொன்னது இதுதான்: "அவரு அஞ்சாவதுங்க. சுவத்துல ஓட்டை போட மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

தறி அறை

தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்த பிறகு, தேவராஜ் என்ற நெசவாளி தறி அறைக்கு ஏ.சி. கேட்டார். தறிக்குழியில் உட்கார்ந்து நாள் முழுக்க வேர்க்கிறதாம். பாவமாக இருந்தது, உடனே மாட்டிக் கொடுத்தேன். நாலாம் நாள் கூப்பிட்டார். ஏ.சி. காற்றில் அறையின் ஈரமெல்லாம் போய்ப் பட்டு இழை காய்ந்து, பாவு நூல் பட் பட்டென்று அறுந்துகொண்டிருந்தது. பட்டுக்கு ஈரக்காற்று வேண்டும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்துத் தோன்றவில்லை.

நான் ஏணியில் நின்று மெஷினைக் கழற்றும்போது நூல் கொடுத்த முதலாளி வந்துவிட்டார். கல்யாணப் புடவை அது. "எந்த மடையன் தறிகிட்ட ஏ.சி. மாட்டினது?" என்று கத்தினார். எனக்கு இறங்கவும் தோன்றவில்லை, ஏறவும் தோன்றவில்லை. அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த தேவராஜ் தலைகூட நிமிரவில்லை. நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னார்: "அவரு வேணாம்னுதான் சொன்னாருங்க, நாந்தான் கேக்கலை."

கஸ்தூரியின் போன்

இந்தப் பங்குனியில் கஸ்தூரிக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. ஏகாம்பரம் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். வெக்கையில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவனே தன் கையால் மாடி அறையில் ஏ.சி. மாட்டியிருந்தான். அது ராப்பகலாக ஓடியும் அறை குளிரவில்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவன் சாதித்தான். அவள் ஈரத்துணியை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. "வேற ஆளைக் கூப்ட்டா அவருக்கு அவமானம். உன்னைக் கூப்ட்டா உனக்கு அவமானம். நான் வேத்துக்கினே கெடக்கட்டுமாண்ணா?"

எலி

அரை மணியில் அவள் வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்தது ஏகாம்பரம். வழி விட்டான். நான் ஏணியைப் போட்டதும் வந்து பிடித்துக்கொண்டான். அதுவரைக்கும் சரி.

மெஷினுக்குப் பின்னால் கையை விட்டேன். அனல். குழாய் போகிற ஓட்டையை அகலமாகப் போட்டுவிட்டு, பழைய பேப்பரைத் திணித்து வைத்திருந்தான். பேப்பர் நழுவி, மேற்குச் சுவரின் சூடான காற்று மொத்தமும் உள்ளே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வெளியே வடிய வெளிப்பக்கமாகச் சாய்க்க வேண்டிய ஓட்டை, உள்பக்கமாக வேறு சாய்ந்திருந்தது. சுவத்துல ஓட்டை! ஆறு வருஷமாக நான் நெஞ்சில் தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கீழே பார்த்தேன். அவனும் ஓட்டையைப் பார்த்துவிட்டான். கட்டிலிலிருந்து கஸ்தூரி கேட்டாள், "யாரு பண்ண தப்புண்ணா?"

எனக்கு, தலை நிமிராமல் இழைக்கு முடிச்சுப் போட்ட தேவராஜ் ஞாபகம் வந்தது.

"எலிம்மா. அடைச்சதைப் பூரா எலி பறிச்சு வச்சிருக்குது" என்றேன்.

ஏகாம்பரம் ஓட்டை அடைக்கிற மக்கைப் பிசைந்து உருண்டை உருண்டையாக மேலே நீட்டினான். நான் அடைத்தேன். ஜன்னல் இடுக்கையும் அடைத்தோம். சாயங்காலம் இரண்டு பேருமாக மொட்டைத்தளத்தில் வெள்ளை அடித்துவிட்டு இறங்கியபோது, கஸ்தூரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பாமல், மெதுவாகச் சொன்னான்: "சாப்ட்டுட்டுப் போ மச்சான். மத்த ரூம்ல எலி எங்கெங்க பறிச்சிருக்குதுன்னு நாளைக்கு வந்து நீதான் காட்டணும்."

இப்போது வாரம் ஒருமுறை அங்கே சாப்பிடுகிறேன், நன்றாகப் பேசிக்கொள்கிறோம், ஆனால் அந்த ஓட்டையை அவன் உள்பக்கமாகச் சாய்த்துப் போட்டதை மட்டும் நான் மறப்பதாக இல்லை.