கெட்டியக்காவின் சூப்பு

மாட்டெலும்பு சூப்பு வைக்க என் அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்சாலை கேன்டீனில் இருபத்தாறு வருஷம் அடுப்படியில் நின்றவள். அவள் வைத்த சூப்பு ஆறினால் கரண்டி நட்டுவைத்த மாதிரி நிற்கும். அங்கே அவளுக்குப் பெயரே கெட்டியக்கா. சூப்பில் தண்ணீர் ஊற்றிய மேஸ்திரி ஒருவனைக் கரண்டியோடு வாசல்வரை துரத்தியிருக்கிறாள். அவன் அப்புறம் இரண்டு மாசம் வீட்டிலிருந்துதான் சோறு கட்டிக்கொண்டு வந்தான்.

அவள் புருஷனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, தொண்டையில் புற்று. விழுங்கவும் பேசவும் முடியாமல் போய், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எடை நாற்பத்தைந்து கிலோவைத் தொட்டால்தான் ஆபரேஷன், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்று மாமா நாற்பத்திரண்டு. கரைத்து ஊற்றச் சொல்லிக் கொடுத்த பொடி டப்பாவை அக்கா முகர்ந்து பார்த்து, அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

எனக்குக் கறிக்கடை. பெரிய புத்திசாலி இல்லையா, முழங்கால் மூட்டாகப் பொறுக்கி ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தேன். கையில் ஒட்டுகிற வரைக்கும் வேகவிடு, அதுதான் சத்து என்று சொன்னதும் நான்தான். அவள் எலும்பைச் சிவக்க வறுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு மூடி வினிகர் விட்டுக் காலையில் ஏற்றினால், மாலைவரை சின்னத் தீயில் நுரையை எடுத்துக்கொண்டே நிற்பாள். துணியில் மூன்று தடவை வடிகட்டுவாள். மேலே உறைந்த கொழுப்பை வழித்துப் போட்டுவிட்டு, வெதுவெதுப்பாக்கிக் குழாயில் விடுவாள். அதற்கு முன்னால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். நாக்கிலேயே படாத சூப்புக்கு உப்பு எதற்கு என்று கேட்டால் என்னை முறைப்பாள்.

ஐந்தாவது வாரம் நாற்பத்துநான்கு. தராசு பிடித்துப் பிழைக்கிறவன் நான். இரண்டு கிலோவுக்கு அழுதது அன்றுதான்.

ஒவ்வொரு தடவை ஊற்றி முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அக்கா கொஞ்ச நாள் செய்தாள். பிறகு மனசு கேட்கவில்லை. நாள் முழுக்க நின்று வற்றவைத்ததை வயிற்றுக்குள் போய் நீர்க்கவிடுவதா? என்னிடம் கேட்டாள்.

"தண்ணி எதுக்குக்கா? சத்தெல்லாம் பாழாப் போயிடும்," என்றேன். இந்த நாக்கு அழுகிப்போக.

மழை பிடித்துக்கொண்டு வீடு குளிர்ந்து கிடந்த வாரத்தில் சூப்பு குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதை உருவும்போது உள்ளே கிழிந்து ரத்தம். புண் ஆறும்வரை அடுத்த குழாய் போட முடியாமல் பத்து நாள் வெறும் டிரிப்ஸ். எடை பார்த்தார்கள். நாற்பது. இனி ஆபரேஷன் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

தண்ணீர் விட வேண்டாம் என்று யார் சொன்னது என்று நர்ஸ் எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தாளை வாசித்துக்கொண்டு நின்றேன்.

"நானாத்தாம்மா விட்டுட்டேன்," என்றாள் அக்கா.

அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். வீடு வந்ததும் அலமாரிக்கு மேலிருந்த டப்பாவை இறக்கினாள். புதுக் குழாயில் பொடியைக் கரைத்து ஊற்றினாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா காகிதத்தில் "எலும்பு" என்று எழுதி என்னிடம் நீட்டினார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா ஏற்றிய அரை மணியிலேயே இறக்கிவிட்டாள். கெட்டியாகிவிடுமோ என்று பயம். மாமா டம்ளரைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீர். திரும்ப எழுதினார்.

"இதெல்லாம் ஒரு சூப்பா? கெட்டியா வச்சு நீ குடி."

அக்கா மறுபடி எலும்பை அடுப்பில் ஏற்றினாள். மாலைவரை நின்றாள். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து அவள் ஒவ்வொரு வாயாகக் குடிக்க, அவர் தொண்டையும் கூடவே அசைந்தது.

தண்ணீர் விட வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று மாமாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா சட்டென்று ஒரு டம்ளரை என் கையில் திணித்தாள்.

"பேசாமக் குடி."

குடித்தேன். எனக்குத்தான் இறங்கவில்லை.