தியாகராசா மாஸ்டரின் நினைவு மலர்

செத்துப்போனவர்களைப் பற்றி எழுத மொன்றியலில் ஜெறோமை விட்டால் ஆளில்லை. முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கிற நினைவு மலரில் வாழ்க்கை வரலாறு என்று ஒரு பகுதி வருமே, அதை எழுதுகிறவர் அவர்தான். பெண்சாதிக்கு அடித்தவனோ, பெற்ற பிள்ளையைத் திரும்பியும் பார்க்காதவனோ, எவனாக இருந்தாலும் ஜெறோமின் கையில் விழுந்தால் 'புன்னகை மாறாத முகத்தினர்' ஆகிவிடுவான். சனம் வாசித்து அழும். மண்டபத்தில் ஒரு ஓரமாக இருந்துகொண்டு யார் யார் அழுகிறார்கள் என்று ஜெறோம் பார்ப்பார். அதில் அவருக்கு ஒரு ருசி.

மட்டக்களப்பில் அவர் நாடகக்காரர், பத்திரிகைக்காரர். இரண்டும் இயக்கத்துக்காக. சந்தைக்கு முன்னால் தெரு நாடகம் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பக்கத் தாள் ஒன்று வரும். அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவர்தான் எழுதுவார், புனைபெயரில்; அவர்தான் என்று ஒருசிலருக்கே தெரியும். வயது முப்பத்தொன்று. புரட்சி இதோ அடுத்த மாதம் வந்துவிடும் என்று ஊரில் பாதிப்பேர் நம்பிய காலம் அது. அது தன்னுடைய வசனத்துக்காகத்தான் காத்திருக்கிறது என்று ஜெறோம் நம்பினார். ஆளுக்கு அவ்வளவு திமிர்.

அந்தத் திமிரில் கைவைத்தவர் தியாகராசா மாஸ்டர். பள்ளிக்கூட வாத்தியார், ஜெறோமின் சிநேகிதர், ஒத்திகைக்கெல்லாம் வந்து இருப்பவர். ஒருநாள் கடைசிச் சாவுக் காட்சி முடிந்ததும் மனுசன் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"ஜெறோம், இதில ஆரும் சாகிறாப்போல இல்ல மனே. நீதான் கிடந்து கத்துறாய். வெட்டிப்போடு."

நடித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தியைக் கலியாணம் கட்டலாம் என்று ஜெறோம் நினைத்திருந்தார். அவரும் சேர்ந்து சிரித்தார். வேறென்ன செய்வது?

அதே கிழமை மாஸ்டர் அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு விசயம் சொன்னார். தன்னிடம் படித்த நாலு பேரை ஆமி பிடித்து வைத்திருக்கிறது. அவர்களுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களை ஒரு நீலக் கோப்பில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் முகாமின் பின்வாசலால் போய்க் கெஞ்சி வருகிறார். மனைவியின் தம்பி சிவநேசம் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். அவனுக்கும் மாஸ்டரின் மனைவி சிவமலருக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"நாலு பேரும் வெளியில வந்தாப் பிறகு நீ இத எழுது. அதுமட்டும் மூச்சு விடாத."

ஜெறோம் அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதினார். வெள்ளிக்கிழமை, பின்வாசல், கையில் ஒரு கோப்பு எல்லாம் இருந்தன. பிடிபட்ட நாலு பேர் மட்டும் இல்லை. ஒரு பொய்கூட எழுதாமல் ஒரு மனிதனைக் கொல்லலாம் என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் மாஸ்டரை லைற் கம்பத்தில் கட்டி இயக்கம் சுட்டுப் போட்டிருந்தது. கழுத்தில் மட்டை. அதில் ஜெறோமின் கட்டுரையிலிருந்து இரண்டு வரி. சனத்தோடு சனமாக நின்று பார்த்த ஜெறோமுக்கு முதலில் தோன்றியது, எழுதியவன் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்களே என்பதுதான். பிறகுதான் மாஸ்டரின் முகம் கண்ணில் பட்டது. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. அடுத்த ஞாயிறு தாளில் செய்தியும் அவர்தான் எழுதினார்: 'ஆசிரியர் தியாகராசா இனந்தெரியாதோரால் சுட்டுக்கொல்லப்பட்டார்.'

இரண்டு வருடத்தில் இயக்கத்துக்கு ஜெறோம்மீதே சந்தேகம் வந்தது. அவருடைய பெயர் வேறொருவன் எழுதிய தாளில் வந்தது. அன்றே ஊரை விட்டார். கனடாவில் உயிராபத்துள்ள பத்திரிகையாளர் என்று அகதிக்கு எழுதிக் கொடுத்தார், அது உண்மைதானே. பிரெஞ்சு வகுப்பில் ரீச்சர் ஒருநாள் பாரிஸ் புரட்சிக் கதை சொன்னாள். நாடகம் எழுதுகிறவன் ஒருவன், தாளும் நடத்தினானாம். கிழமைக்கு ஒருவனைத் துரோகி என்று எழுதுவானாம். கடைசியில் அவனையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்களாம். வகுப்பே சிரித்தது. ஜெறோம் அன்றைக்கு மெட்றோவில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

பிறகு கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருடம் நிலம் துடைத்தார். ஒரேயொரு முறை பாவசங்கீர்த்தனம் செய்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத கியூபெக் பாதிரியாரிடம் போய், முழுவதையும் தமிழில் சொன்னார். அந்தக் கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பாவமன்னிப்பும் கொடுத்தார். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்.

போன மாரியில் லவாலிலிருந்து சிவமலரின் மகள் வித்தியா போன் எடுத்தாள். அப்பா செத்து முப்பத்தெட்டு வருடம், ஒரு நினைவு மலர் போடவேண்டும், அம்மா ஜெறோம் அங்கிள்தான் எழுதவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறா. ஜெறோம் ஒரு கிழமை சாட்டுச் சொன்னார். பிறகு எழுதினார். எழுதத் தொடங்கியதும் கை தானாக ஓடியது. அவர் எழுதியதிலேயே ஆகத் திறமானது அதுதான்.

தாள்களோடு மெட்றோவில் லவாலுக்குப் போய் இறங்கியவரை வித்தியா காரில் ஏற்றிக்கொண்டாள். போகும் வழியில் சொன்னாள்:

"அங்கிள், சிவநேச மாமாவுக்குக் கடுமை. ஊர் ஆஸ்பத்திரியில இரிக்கார். ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார். அம்மா கதைக்கமாட்டா. தாளில வந்த பின்வாசல் கதையும் கோப்பும் வீட்டுக்குள்ள மூண்டு பேருக்குத்தானே தெரியும், அவர்தான் அப்பாவக் காட்டிக்குடுத்தவர் எண்டு முப்பத்தெட்டு வருசமா மூஞ்சி பார்க்கல்ல. இப்பதான் கொஞ்சம் இளகியிருக்கிறா. 'ஒருவேளை அவனில்லையோ' எண்டு நேத்து அழுதா. இண்டைக்கு அவரோட கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறா."

ஜெறோம் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்து வாசித்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். அங்கே வெள்ளிக்கிழமை இருந்தது, பின்வாசல் இருந்தது, அன்று தாளில் வராத நீல நிறத்தோடு கோப்பு இருந்தது. இம்முறை அந்த நாலு பேரும் இருந்தார்கள். நல்லதொரு விவரம் கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு எழுத ஜெறோமால் முடியாது. பாழாய்ப்போன எழுத்தாளப் புத்தி!

"அண்ணன்," என்றாள். "நீலக் கோப்பு எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

ஜெறோம் மூன்றாம் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். மாஸ்டரே சொன்னவர் என்று சொன்னால் போதும். மூன்றல்ல, நாலு பேருக்குத் தெரியும் என்று ஆகிவிடும். மற்றதை அவள் தானே விளங்கிக்கொள்வாள். சொல்லவேண்டும் என்றுதான் அவர் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடம் நிலம் துடைத்துச் சேர்த்த நல்ல பெயர், மண்டபத்து மரியாதை, 'எங்கட ஜெறோம் அண்ணன்' எல்லாம் முன்னால் வந்து நின்றன. மேசையில் இருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

சிவமலரே உதவிக்கு வந்தாள்.

"சிவநேசமா சொன்னவன்?"

சமையலறை வாசலில் வித்தியா போனை வைத்துக்கொண்டு நின்றாள். மறுபக்கத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஓம் தங்கச்சி," என்றார் ஜெறோம். "சிவநேசந்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாடகக்காரன் எப்படி நிறுத்துவான்? ஒருவரும் கேட்காமலே சொன்னார்:

"கள்ளுத் தவறணையில வெச்சி. நாலு பேருக்கு முன்னால. சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னவர்."

போனில் யாரோ "அக்கா" என்றார்கள். மூச்சு வாங்குகிற, மெலிந்த குரல். "அக்கா, நீயா?"

"வை அத," என்றாள் சிவமலர். வித்தியா அசையாமல் நின்றாள். தாய் எழும்பிப் போய்த் தானே பறித்து நிறுத்திவிட்டு வந்தாள். "சாகட்டும். சிரிச்சவனாமே!"

நாலாம் நாள் சிவநேசம் செத்துப்போனார். லவால் வீட்டில் அன்றைக்கு ஒரு விளக்கும் ஏற்றவில்லை. கோழிக்கறி சமைத்தார்கள். வித்தியா மட்டும் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் நினைவுக் கூட்டம். ஜெறோம் மேடையில் நின்று தன் கையால் எழுதியதை வாசித்தார். 'இனந்தெரியாதோரால்' என்ற இடத்தில் அவருடைய குரல் உடைந்தது; அது நடிப்பா, உண்மையா என்று அவருக்கே தெரியாது. சனம் அழுதது. இந்தமுறை யார் அழுகிறார்கள் என்று பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

இறங்கி வந்தபோது சிவமலர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க இல்லாட்டி, அண்ணன், நான் அவனுக்கு மன்னிப்புக் குடுத்திருப்பன்."

கை ஈரமாவது தெரிந்தும் ஜெறோம் இழுத்துக்கொள்ளவில்லை. "அழாதீங்க தங்கச்சி," என்றார். "எழுதுறவன் உண்மையத்தானே சொல்லோணும்."