ஒப்பிட வைத்த புட்டி

எங்கள் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் குழம்பி நான் பார்த்ததே இல்லை. கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழும். நான் கணக்கு வாத்தியார், பக்கத்து வகுப்பு. அந்தக் குரல் சுவரைத் தாண்டி வந்து என் அல்ஜீப்ராவைக் கெடுத்ததுதான் மிச்சம். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் என் மேசை முன்னால் வந்து நின்று, "சார், எனக்கு ஒண்ணுமே புரியல" என்றார். நான் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

விஷயம் தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பரவியிருந்தன. எந்த வீட்டுக் குழாயில் கோளாறு என்று நீங்களே கண்டுபிடியுங்கள், பிறகு அதை எப்படிச் சரிசெய்வது என்று யோசிப்போம் என்று பத்தாம் வகுப்புக்கு வேலை கொடுத்திருந்தார். சின்னப் புட்டிக்குள் மருந்து தடவிய காகிதம் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், அசுத்தம் கலந்த தண்ணீர் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும்.

இதில் அவருக்கு ஒரு தனி வைராக்கியமும் உண்டு. வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் மாணவியின் தம்பி டைஃபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். செய்தி தெரிந்த அன்றே டீச்சர் அவள் வீட்டுக்குப் போய், அவள் அம்மாவை வாசலில் நிற்க வைத்துப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். இனிமேல் வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு பிள்ளை வாயில் படக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். நாலு வீடு வேடிக்கை பார்த்ததாம்.

"எல்லாப் புட்டியும் தெளிவா இருக்கு சார். ஒண்ணுதான் கறுத்திருக்கு."

"அது யாரு வீட்டுது?"

"யாரு வீட்டுதும் இல்ல. ஒப்பிட்டுப் பாக்க நான் வச்சது. நம்ம ஃபில்டர் தண்ணி."

அந்த ஃபில்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படியேறாத ஆபீஸ் இல்லை, கெஞ்சாத ஆள் இல்லை. அப்படி அலைந்து டீச்சர் வாங்கிப் போட்டது. குளிர்ந்த தண்ணீர் வரும். பிள்ளைகள் திருகிக் கெடுத்துவிடுவார்கள் என்று இரும்புக் கூண்டு செய்து, குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் பூட்டுப் போட்டிருந்தார். சாவி அவர் கைப்பையில். வீட்டுக்குப் போகும்போது பாட்டிலில் நிரப்பிக்கொண்டு போங்கள் என்று பிள்ளைகளைத் தினமும் விரட்டுவார்.

முதலில் புட்டி மாறிவிட்டது என்றார். புதிதாகச் செய்தார்கள், அதேதான் வந்தது. பிறகு, "கௌரவம் சார். எங்க வீட்டுத் தண்ணி மட்டமான்னு அம்மாக்காரிங்க கொதிக்க வச்சுக் குடுத்திருப்பாங்க" என்றார். சரிதான் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். தலையாட்டியவனைச் சும்மா விடுவாரா? வெயிலில் வீடு வீடாக என்னையும் இழுத்துக்கொண்டு போய், தன் கையாலேயே குழாயைத் திறந்து பிடித்தார். அப்போதும் வீட்டுப் புட்டிகள் தெளிவாக நின்றன. ஃபில்டர் புட்டி தார் மாதிரி கறுத்தது.

"மருந்து கெட்டுப்போயிருக்கும்."

"கெட்ட மருந்து நம்ம புட்டிய மட்டும் தேடிப் போகுமா டீச்சர்?"

அன்று முழுக்க என் மேசைப் பக்கமே வரவில்லை. எனக்கும் கோபம்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கைப்பையைத் திறப்பார், மூடுவார். மறுநாள் காலையில் வகுப்பு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் போய் நின்றார். பூட்டு துருப்பிடித்து, எண்ணெய் விட்ட பிறகுதான் திறந்தது. ஃபில்டரை மாட்டிய நாளிலிருந்து யாரும் உள்ளே கைவைத்ததில்லை. எப்படி வைக்க முடியும்? மூடியைக் கழற்றினால் உள்ளே கொழகொழவென்று பச்சைப் பாசி. மாடிக்குப் போன பையன்கள் ஃபில்டருக்குத் தண்ணீர் வரும் தொட்டியின் மூடி பாதி உடைந்திருக்கிறது, உள்ளே புறா செத்துக் கிடக்கிறது என்று வந்து சொன்னார்கள்.

"இத இனிமே யாரும் குடிக்காதீங்க" என்றார் டீச்சர். குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

வாயாடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "டீச்சர், தம்பிக்கு நான் இதத்தான கொண்டு போறேன்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"எப்பவுமே. ஜில்லுன்னு இருக்கும்னு கேப்பான். நீங்க வந்து சத்தம் போட்டதுலேருந்து அம்மா அவனுக்கு இத மட்டும்தான் குடுக்குறாங்க. நேத்தும் கொண்டு போய்க் குடுத்தேன்."

டீச்சர் கைப்பையைக்கூட எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஆஸ்பத்திரி வார்டில் எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா பதறி எழுந்து நின்றார். பையன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தலைமாட்டில் எங்கள் பள்ளிக்கூடத் தண்ணீர், பாதி பாட்டில்.

"வாங்க டீச்சர். நீங்க சொன்ன மாதிரியேதான் குடுக்குறேன். வீட்டுத் தண்ணிய கண்ணுலகூடக் காட்டல. ஆனா காய்ச்சல்தான் விட்டு விட்டு வருது."

டீச்சர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். "உங்க வீட்டுத் தண்ணி நல்ல தண்ணிதாம்மா" என்றார்.

அந்த அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

"அப்ப இவனுக்கு இது எதனால வந்துச்சு டீச்சர்?"

டீச்சர் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.